கண் சிமிட்ட முடியாதவருக்கும் ஒரு திரை

(பயனர் அனுபவ வடிவமைப்புக் கல்வியில் செயற்கை நுண்ணறிவு என்ற பொருளில், தில்லி வாழ் தமிழன்பர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு கைத்தடியைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். நாம் கூடியிருக்கும் இந்த ராமகிருஷ்ணபுரத்திலிருந்து ஹௌஸ் காஸ் அதிக தூரமில்லை. அங்கே ஐஐடி தில்லியில், 2005ஆம் ஆண்டு வாக்கில், பேராசிரியர் எம்.பாலகிருஷ்ணன் வழிகாட்டுதலில் இளநிலை மாணவர்கள் சிலர் பார்வையற்றோருக்கு உதவும் கருவி ஒன்றைச் செய்யும் வகுப்புப் பணியை எடுத்துக்கொண்டார்கள். பார்வையற்றவர்களிடம் போய்ப் பேசினார்கள். பேசப் பேச ஒரு செய்தி தெரியவந்தது. வெள்ளைக் கைத்தடி தரையில் இருக்கும் பள்ளத்தையும் படியையும் சொல்லிவிடும். முழங்காலுக்கு மேலே இருப்பதை அது சொல்லாது. தாழ்ந்து தொங்கும் மரக்கிளையும், தெருப் பக்கம் திறந்து கிடக்கும் ஜன்னல் கதவும், ஓரமாக நிறுத்திய லாரியின் பின்பக்கமும் முகத்தில் இடித்த பிறகுதான் தெரியும்.

அந்த ஒரு செய்தியிலிருந்துதான் ஸ்மார்ட்கேன் பிறந்தது. வழக்கமான கைத்தடியின் பிடியில் மாட்டிக்கொள்ளும் சிறு கருவி அது. செவிக்கு எட்டாத ஒலி அலைகளை அனுப்பி, எதிரே மூன்று மீட்டர் வரை இருக்கும் தடையைக் கண்டு, கைக்கு அதிர்வாகச் சொல்லும். வகுப்புப் பணி ஆராய்ச்சியாகி, தில்லியின் சக்ஷம் அறக்கட்டளை கைகோத்து, சென்னையின் பீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் தயாரிப்பை ஏற்று, 2014இல் சுமார் 3,000 ரூபாய் விலையில் அது வெளிவந்தது. வகுப்பறையிலிருந்து ஒரு பார்வையற்றவரின் கைக்குப் போய்ச்சேர ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் ஆயின.

இந்தக் கதையில் மின்னணுவியலும் இருக்கிறது, பொறியியலும் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் முந்தியது, முழங்காலுக்கு மேலே என்ன நடக்கிறது என்று ஒருவர் சொல்ல இன்னொருவர் கேட்டுக்கொண்டிருந்த அந்த நேரம். நான் பல ஆண்டுகளாக மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அந்த நேரத்தைத்தான். செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு அந்த நேரத்துக்கு என்ன ஆகிறது என்பதே இன்றைய என் பேச்சு.

பயனர் அனுபவம் என்ற சொல் இங்கே சிலருக்குப் புதிதாக இருக்கலாம். 1993 வாக்கில் ஆப்பிள் நிறுவனத்தில் பணியாற்றிய டொனால்ட் நார்மன் என்ற உளவியலறிஞர் தம் பதவிப் பெயரிலேயே அதைச் சேர்த்துக்கொண்டார். ஒரு பொருளையோ சேவையையோ கையாளும்போது மனிதருக்கு நேர்வதெல்லாம் அதில் அடங்கும் என்பது அவர் கருத்து. எளிதாகச் சொல்ல நம் தெருவிலேயே உதாரணம் இருக்கிறது. சோலே பட்டூரே கடைக்காரரைப் பாருங்கள். இரண்டு கையிலும் எண்ணெய். எதிரே பத்துப் பேர். ஒருவர் கைபேசியைக் காட்டி, பணம் அனுப்பிவிட்டேன் என்கிறார். கடைக்காரர் கையைத் துடைத்து, தன் கைபேசியை எடுத்து, குறுஞ்செய்தியைத் தேடிச் சரிபார்க்க வேண்டுமென்றால் வியாபாரம் நின்றுபோகும். 2019இல் நொய்டாவைச் சேர்ந்த பேடிஎம் என்ற பணப் பரிமாற்ற நிறுவனம் ஒலிப்பெட்டியைக் கொண்டுவந்தது. பணம் வந்ததும் அது தொகையைச் சத்தமாகச் சொல்கிறது. கடைக்காரரின் கை மாவிலேயே இருக்கிறது, காது கணக்கைப் பார்த்துக்கொள்கிறது. அதில் அவர் பார்க்க வேண்டிய திரையே இல்லை. என்னைக் கேட்டால், அண்மைக் காலத்தில் இந்தியா கண்ட சிறந்த பயனர் அனுபவ வடிவமைப்புகளில் அது ஒன்று.

இந்தக் கல்விக்கு நம் நாட்டில் நல்ல வேர் உண்டு. 1958இல் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதில் அவர்கள் வியந்து எழுதியது மாளிகையைப் பற்றியோ சிற்பத்தைப் பற்றியோ இல்லை. நம் வீட்டுச் செம்பைப் பற்றி எழுதினார்கள். எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், இடுப்பில் எப்படி நிற்கும், தலையில் எப்படி நிற்கும், சாய்த்தால் நீர் எப்படி விழும், கழுவ எளிதா, விலை என்ன என்று அடுக்கடுக்காகக் கேள்விகளை வைத்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பல கைகள் புழங்கிப் புழங்கி அந்த வடிவம் அமைந்தது என்றார்கள். அந்த அறிக்கையின் பயனாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. 1969இல் ஐஐடி மும்பையில் தொழில்துறை வடிவமைப்பு மையம் வந்தது. இங்கே தில்லியில் ஐஐஐடி 2017இல் கணினி அறிவியலையும் வடிவமைப்பையும் இணைத்து ஒரு பி.டெக். படிப்பைத் தொடங்கியது. ஐஐடி தில்லி 2022இல் இளநிலை வடிவமைப்புப் படிப்பைத் தொடங்கியது.

இவ்வளவு காலமும் எப்படிக் கற்பித்தோம்? மாணவர் களத்துக்குப் போவார். ஆட்களைப் பார்ப்பார், பேசுவார். திரும்பி வந்து மஞ்சள் காகிதத் துண்டுகளில் குறிப்பெழுதிச் சுவரெல்லாம் ஒட்டுவார். எந்தக் குறிப்பு எதோடு சேரும் என்று இரவு முழுக்க மாற்றி மாற்றி ஒட்டுவார். பிறகு பென்சிலால் நாற்பது விதமாக வரைவார். முதல் பத்து எல்லோருக்கும் தோன்றுவது. அடுத்த பத்து சலிப்பில் வருவது. அதற்கு மேல்தான் ஏதோ ஒன்று அவருக்கே உரியதாக வரும். பருவ இறுதியில் ஜூரி. ஆசிரியர்களும் வெளியாட்களும் உட்கார்ந்திருக்க, மாணவர் தம் வேலையை முன்வைத்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்வார்.

2022 நவம்பர் 30 அன்று, கேட்டதை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவான சாட்ஜிபிடி வந்தது. அடுத்த மூன்றாண்டுகளுக்குள் எங்கள் வடிவமைப்பு வகுப்பறையான ஸ்டூடியோவின் ஒவ்வொரு படியிலும் இயந்திரம் ஏறி உட்கார்ந்துவிட்டது. நேர்காணலின் ஒலிப்பதிவைக் கொடுத்தால் எழுத்தாக்கிச் சுருக்கித் தருகிறது. குறிப்புகளைக் கொத்துக் கொத்தாகப் பிரித்துத் தருகிறது. எங்கள் துறையில் எல்லோரும் புழங்கும் ஃபிக்மா மென்பொருளிலும், 2025 மே மாதம் கூகுள் அறிமுகம் செய்த ஸ்டிட்ச் போன்றவற்றிலும், என்ன வேண்டும் என்று ஒரு வாக்கியம் எழுதினால் போதும். தேநீர் ஆறுவதற்குள் நான்கு திரைகள் வந்து நிற்கின்றன.

இதன் நன்மையை முதலில் சொல்லிவிட வேண்டும். என் வகுப்பில் பீகாரின் ஒரு சிற்றூரிலிருந்து வந்த மாணவி இருந்தாள். அரசுப் பள்ளியில் இந்தி வழியில் படித்தவள். அவளுடைய பார்வை கூர்மையானது. ஆனால் ஜூரியில் ஆங்கிலத்தில் எழுதிக் காட்ட வேண்டும் என்றதும் பாதியாகச் சுருங்கிவிடுவாள். இப்போது தன் மொழியில் யோசித்து எழுதியதை இயந்திரத்தின் துணையோடு நல்ல ஆங்கிலத்தில் முன்வைக்கிறாள். நிரல் எழுதத் தெரியாத மாணவர் ஒரே மாலையில் இயங்கும் மாதிரியைச் செய்து, மறுநாள் காலை ஒரு மனிதர் கையில் கொடுத்துச் சோதிக்கிறார். முன்பு ஒரு பருவத்தில் ஒரு முறை சோதிக்க நேரம் கிடைத்தால் பெரிது. இப்போது மூன்று முறை, நான்கு முறை சோதிக்கலாம். இந்த வரவை நான் மனமார வரவேற்கிறேன்.

ஆனால் ஒரு ஜூரி நாளை என்னால் மறக்க முடியவில்லை. காய்கறி விவசாயிகளுக்குச் சந்தை விலையைச் சொல்லும் செயலி என்பது அந்தப் பருவத்தின் பணி. இருபத்திரண்டு மாணவர்கள். முதல் மாணவர் திரையைக் காட்டினார், அழகாக இருந்தது. இரண்டாமவர் காட்டியதும் அழகாக இருந்தது. ஐந்தாமவர் வந்தபோது எனக்குக் கலக்கம் வந்துவிட்டது. எல்லாவற்றிலும் அதே உருண்டை முனைப் பெட்டிகள், அதே ஊதா கலந்த நீலம், மேலே அதே வணக்கச் செய்தி. பயனர் என்று பலர் முன்வைத்த மனிதரும் ஒருவரே. ஏழு பேரின் படவில்லையில் ரமேஷ் என்ற நாற்பத்திரண்டு வயது விவசாயி இருந்தார். அவர் சோனிபத்காரர். அவருக்கு இரண்டு பிள்ளைகள். இடைத்தரகர்களால் அவருக்கு மனவருத்தம்.

ஒரு மாணவனிடம் கேட்டேன்: "தம்பி, ரமேஷை எங்கே பார்த்தாய்?"

அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான்: "பார்க்கவில்லை, சார். எழுதி வாங்கினேன்."

காய்கறிச் சந்தையான ஆசாத்பூர் மண்டி தில்லியில்தான் இருக்கிறது. மெட்ரோவில் ஏறினால் ஆசாத்பூர் என்ற பெயரிலேயே நிலையம். விடிவதற்கு முன் அங்கே போனால் நூற்றுக்கணக்கான ரமேஷ்கள் லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருப்பார்கள். அந்த மாணவன் சோம்பேறி இல்லை, நல்ல பிள்ளை. கேட்டவுடன் பதில் தரும் ஒன்று மேசைமேல் இருக்கும்போது, பதில் கிடைக்குமோ கிடைக்காதோ என்று தெரியாத இடத்துக்கு விடிகாலையில் ஏன் போக வேண்டும் என்று அவனுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தத் தவறு கற்பித்த எங்களுடையது.

இயந்திரம் தருவது ஏன் ஒன்றுபோலவே இருக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். உலகில் இதுவரை எழுதப்பட்டதையும் வரையப்பட்டதையும் பெருமளவில் படித்து, எது எதற்குப் பின் வருவது மிக இயல்பு என்று அது கணிக்கிறது. ஆகவே பலரும் செய்ததன் நடுப்புள்ளிக்கே அது போய் நிற்கும். 2024இல் ஃபிக்மாவின் தானியங்கி வடிவமைப்பு வசதியிடம் வானிலைச் செயலி கேட்டபோது, ஆப்பிளின் வானிலைச் செயலியைப் போன்ற ஒன்றையே அது மீண்டும் மீண்டும் தந்தது. ஃபிக்மா நிறுவனமே அந்த வசதியைச் சில காலம் நிறுத்தி வைத்தது. நடுப்புள்ளியில் நிற்பவர்களுக்கு இதனால் துன்பமில்லை. ஓரத்தில் நிற்பவர்களுக்கு?

இந்த இடத்தில் உங்களைத் திலக் மார்க்கில் இருக்கும் உச்ச நீதிமன்றத்துக்கு அழைத்துப் போகிறேன். அமில வீச்சுக்கு ஆளாகி முகமும் கண்களும் பாதிக்கப்பட்ட ஒரு பெண்மணி வங்கிக் கணக்குத் தொடங்கப் போனார். கைபேசித் திரை வழியாக ஆளைச் சரிபார்க்கும் முறையில், உயிருள்ளவர்தானா என்று அறியக் கண்ணைச் சிமிட்டச் சொல்லிக் கேட்டது மென்பொருள். அவரால் சிமிட்ட முடியாது. அந்தத் திரையை வடிவமைத்தவர் கெட்டவராக இருந்திருக்க மாட்டார். எல்லோராலும் கண் சிமிட்ட முடியும் என்று நினைத்துவிட்டார், அவ்வளவுதான். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி.பார்திவாலாவும் ஆர்.மகாதேவனும் அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது. மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை, அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று அது சொன்னது. சரிபார்ப்பு முறைகளை எல்லோருக்கும் உரியதாக மாற்ற 20 ஆணைகளையும் பிறப்பித்தது.

இந்தத் தீர்ப்பை என் முதலாண்டு மாணவர்களுக்குப் பாடமாக வைக்கிறேன். ஒரு திரையில் இடம்பெறும் ஒரு சிறு கட்டளை ஒருவரின் வாழ்வுரிமையைத் தடுக்கும் என்று இந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதைவிடப் பொறுப்பை உணர்த்தும் பாடநூல் எனக்குக் கிடைக்கவில்லை. இன்று நீங்கள் இயந்திரத்திடம் ஆள் சரிபார்க்கும் திரை ஒன்றைக் கேட்டால், அதுவும் கண் சிமிட்டச் சொல்லக்கூடும். ஏற்கெனவே உள்ள திரைகளில் அது கற்றது அதைத்தானே?

இன்னொரு வழக்கம் பரவி வருகிறது. மனிதர்களைக் கேட்பதற்குப் பதிலாக இயந்திரத்தையே பயனராக நடிக்கச் சொல்லி நேர்காணல் செய்வது. நீ அறுபது வயதுப் பெண், வங்கிச் செயலியில் உனக்கு என்ன கஷ்டம் என்று கேட்டால் அது அழகாக ஐந்து கஷ்டங்களைச் சொல்லும். செலவும் இல்லை, அலைச்சலும் இல்லை.

ஆனால் மனிதரிடமிருந்து உண்மையைக் கேட்டு வாங்குவது எவ்வளவு நுட்பமான கலை என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு முன்னோடி உண்டு. அபலா லாகிரி சவான் என்ற வடிவமைப்பாளர் இந்தியப் பயனர்களிடம் மென்பொருள்களைச் சோதித்தபோது ஒன்றைக் கவனித்தார். நம் மக்கள் குறை சொல்லத் தயங்குகிறார்கள். வீட்டுக்கு வந்தவரிடம் காப்பி நன்றாக இல்லை என்று சொல்ல மாட்டோமே, அது போல. ஆகவே அவர் ஒரு சினிமாக் கதையைச் சொல்லி அதற்குள் அவர்களை வைத்தார். உங்கள் தங்கை மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கூலிக்குக் கொலை செய்பவன், ஏற்கெனவே மணமானவன் என்று தெரிந்துவிட்டது. உடனே விமானச் சீட்டு எடுத்தால்தான் கல்யாணத்தை நிறுத்தலாம் என்றார். பிறகு சீட்டுப் பதிவுத் தளத்தை முன்னால் வைத்தார். தயக்கம் பறந்தது. எந்த இடத்தில் தளம் படுத்துகிறது என்று வாய்விட்டுச் சொன்னார்கள். இதற்குப் பாலிவுட் முறை என்றே பெயர் வைத்தார். நம் மரியாதைக்குப் பின்னால் இருக்கும் உண்மையை எடுக்க இப்படி ஒரு வழி கண்டவர் நம்மிடையே இருக்கிறார். நடிக்கும் இயந்திரத்தைக் கேட்டுத் திருப்தியடையும் மாணவர் இந்தக் கலையை எங்கே கற்பார்?

மொழியின் பக்கம் வருவோம். தமிழர்கள் கூடிய அவையில் இதைச் சொல்லாமல் போகக் கூடாது. என் வகுப்பில் திருநெல்வேலிப் பையன் ஒருவன். மின்கட்டணம் செலுத்தும் திரையை இயந்திரத்திடம் வாங்கி, தமிழிலும் மாற்றித் தரச் சொன்னான். கடைசிப் பொத்தானில் 'சமர்ப்பிக்கவும்' என்று வந்தது. ஒன்பது எழுத்து. பொத்தானோ ஆங்கிலச் சொல்லுக்காக அளவெடுத்தது. 'சமர்ப்பிக்க' என்பதோடு நின்று மூன்று புள்ளி விழுந்தது. எழுத்தளவைக் குறைத்தான். மெய்யெழுத்தின் புள்ளி மேல்வரியில் ஒட்டிக்கொண்டது. உகரத்தின் கால் கீழே வெட்டுப்பட்டது. இரண்டு நாள் மல்லுக்கட்டினான். ஞாயிற்றுக்கிழமை தன் பாட்டியைக் கைபேசியில் அழைத்து அந்தத் திரையைக் காட்டியிருக்கிறான். பாட்டி கேட்டாராம்: "ஏலேய், கோயில்லயா சமர்ப்பிக்கப் போற? 'அனுப்பு'ன்னு போட்டா ஆகாதா?"

அனுப்பு. நான்கே எழுத்து. பொத்தானில் அழகாக உட்கார்ந்தது. பாட்டிக்கு வடிவமைப்புத் தெரியாது. ஆனால் எந்தச் சொல்லை எங்கே புழங்குவது என்று தெரியும். தாய்மொழியில் வடிவமைப்பது ஆங்கிலத் திரைக்குத் தமிழ்ச் சட்டை மாட்டும் வேலையாக இருக்கக் கூடாது என்று நான் ஒரு மணி நேரம் பேசி விளக்குவதை அவர் ஒரு சொல்லில் விளக்கிவிட்டார்.

அறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இருண்ட வடிவங்களைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மக்களை ஏமாற்றும் திரை உத்திகள் 13 அதில் பட்டியலிடப்பட்டுள்ளன. கேட்காத பொருளைக் கூடையில் சேர்த்துவிடுவது, இன்னும் இரண்டே இடம் என்று பொய்யாக அவசரப்படுத்துவது, வேண்டாம் என்பவரை வெட்கப்பட வைப்பது, சந்தாவில் சேர வழி வைத்து வெளியேற வழியை ஒளிப்பது போன்றவை. பேருந்துச் சீட்டுப் பதிவுத் திரை ஒன்றை இயந்திரத்திடம் கேட்ட என் மாணவிக்கு, அவள் கேட்காமலேயே, காப்பீட்டுக் கட்டத்தில் குறியிட்ட திரை வந்தது. இணையத்தில் மலிந்து கிடப்பதைத்தானே அது தரும்? அந்தத் திரையையும் அரசின் பட்டியலையும் அருகருகே வைத்து அன்றைய வகுப்பை நடத்தினேன். குற்றம் கண்டுபிடிக்கும் கண் அன்று சிலருக்குத் திறந்தது.

எல்லாவற்றிலும் எனக்கு அதிகக் கவலை தருவது கையின் பயிற்சி. நாற்பது படம் வரைந்தவர் முப்பத்தொன்பதை ஒதுக்கக் கற்கிறார். ஒதுக்கி ஒதுக்கித்தான் எது நல்லது என்ற தெளிவு வருகிறது. அந்தத் தெளிவு இல்லாதவர் முன் இயந்திரம் நான்கு திரைகளை வைத்தால், எதைத் தேர்வது என்று அவருக்கு எப்படித் தெரியும்? பார்க்க அழகாக இருப்பதை எடுத்துக்கொள்வார். இயந்திரத்தை மேற்பார்வை செய்யத் தேர்ந்த கண் வேண்டும். அந்தக் கண்ணை வளர்த்த வேலைகளையே இயந்திரத்திடம் கொடுத்துவிட்டோம். இந்தச் சிக்கலை அவிழ்க்காமல் பாடத்திட்டத்தில் செயற்கை நுண்ணறிவு என்று ஒரு தாளைச் சேர்ப்பதால் பயனில்லை.

என் வகுப்பில் நான் செய்துவரும் மாற்றங்களைச் சொல்கிறேன். முதலாவது, ஒவ்வொரு பணியின் முதல் வாரத்திலும் திரை கிடையாது. கைபேசியும் மடிக்கணினியும் பையில் இருக்கும். நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். தில்லி மெட்ரோ 2002 டிசம்பரில் ஷாஹ்தராவுக்கும் தீஸ் ஹஸாரிக்கும் இடையே முதன்முதலாக ஓடியது முதல், கோடிக்கணக்கானவர்கள் அதன் திரைகளோடும் கதவுகளோடும் பழகிவருகிறார்கள். அதைவிடப் பெரிய ஆய்வுக்கூடம் எங்கே கிடைக்கும்? மாணவர்களை நிலையத்துக்கு அனுப்பி, பயணச்சீட்டு இயந்திரத்தின் அருகே இரண்டு மணி நேரம் சும்மா நிற்கச் சொன்னேன்.

ஒரு மாணவியின் நோட்டில் இருந்ததைச் சொல்கிறேன். எழுபது வயதிருக்கும் ஒரு மூதாட்டி. இயந்திரத்தின் முன் வந்து நின்றார். திரையைத் தொடவில்லை. பின்னால் நின்ற இளைஞனிடம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். இளைஞன் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டான். மூதாட்டி துணிப்பையிலிருந்து மருத்துவர் எழுதிய சீட்டை எடுத்துக் காட்டினார். அதில் ஏய்ம்ஸ் என்று அச்சாகியிருந்தது. இளைஞன் நிலையத்தைத் தேர்ந்து சீட்டு எடுத்துக் கொடுத்தான். மாணவி கீழே எழுதியிருந்தாள்: இயந்திரம் நிலையத்தின் பெயரைக் கேட்கிறது; பாட்டிக்குத் தெரிந்தது போகும் காரியம்; பதில் அவர் பையில் இருந்தது.

அதற்குப் பிறகுதான் அவளுக்குச் செயற்கை நுண்ணறிவைத் திறந்துவிட்டேன். மருத்துவச் சீட்டைக் காட்டினால் நிலையத்தைச் சொல்லும் மாதிரி ஒன்றை அன்று இரவே செய்துவிட்டாள். மறுநாள் அதை எடுத்துக்கொண்டு முதியவர்களிடம் போனாள். முதல் முயற்சியே தோல்வி. பலர் சீட்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார்கள். நிலைய விளக்கு உறையில் பட்டுப் பளபளத்து எழுத்து தெரியவில்லை. திரும்பி வந்து மாற்றினாள். மறுபடி போனாள். மூன்று வாரத்தில் ஐந்து முறை போய் வந்தாள். இயந்திரம் இல்லாவிட்டால் ஐந்து மாதிரிகளை அவளால் செய்திருக்க முடியாது. களத்தில் நின்றிருக்காவிட்டால் அந்தப் பிளாஸ்டிக் உறை எந்த இயந்திரத்துக்கும் தெரிந்திருக்காது. மனிதர் முதலில், இயந்திரம் பின்னால். இந்த வரிசை மாறாமல் இருந்தால் செயற்கை நுண்ணறிவு எங்களுக்குக் கிடைத்த பெரிய கொடை.

இரண்டாவது மாற்றம், இயந்திரத்திடம் கேட்பதற்கு முன் கையால் இருபது படமாவது வரைந்திருக்க வேண்டும். பிறகு இயந்திரம் தந்ததையும் தன்னுடையதையும் அருகருகே ஒட்டி, எது ஏன் மேல் என்று வகுப்பின் முன் சொல்ல வேண்டும். சில நேரம் இயந்திரம் தந்ததே மேலாக இருக்கும். அதை ஒப்புக்கொள்வதும் கல்விதான்.

மூன்றாவது, மதிப்பெண் போடும் முறை. இறுதித் திரையின் அழகுக்கு நான் இப்போது சிறு பங்கே தருகிறேன். இயந்திரம் தந்தவற்றில் எதை வேண்டாம் என்றாய், யாருக்காக வேண்டாம் என்றாய் என்ற கேள்விக்குத்தான் பெரும் பங்கு. ஜூரியில் மாணவர் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முடிவுக்குப் பின்னாலும் தான் நேரில் சந்தித்த ஒரு மனிதரைச் சுட்டிக்காட்ட வேண்டும். ரமேஷ் வரலாம், தடையில்லை. ஆசாத்பூரில் எந்தக் கடையோரம், எந்த வேளையில் ரமேஷைப் பார்த்தாய் என்று சொல்ல வேண்டும்.

கல்வி நிறுவனங்களை நடத்துவோர்க்கும் ஒரு வேண்டுகோள். புதிய மென்பொருள்களுக்குச் சந்தா கட்டப் பணம் ஒதுக்குகிறோம். மாணவர் களத்துக்குப் போய்வரப் பேருந்துக் கட்டணத்துக்கும், நேரம் கொடுத்துப் பேசும் தொழிலாளிக்குக் கொடுக்கும் சிறு தொகைக்கும் பணம் ஒதுக்கத் தயங்குகிறோம். அந்தத் தயக்கம் நீங்க வேண்டும்.

பெற்றோர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "சார், எல்லாவற்றையும் இயந்திரமே செய்யும்போது பிள்ளையை இந்தப் படிப்பில் சேர்க்கலாமா?" திரை வரைவதை மட்டும் தொழிலாக நினைத்தால் சேர்க்காதீர்கள். அந்தத் தொழில் வேகமாகச் சுருங்குகிறது. முன்பின் தெரியாத மனிதரின் கஷ்டத்தைப் பொறுமையாகக் கேட்கும் குணம் உங்கள் பிள்ளைக்கு இருந்தால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். இத்தனை மொழிகளும் இத்தனை விதமான உடல்களும் வருமானங்களும் உள்ள நாட்டில் அந்தக் குணத்துக்கு வேலை தீராது.

நிறைவாக உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த அவையில் அறுபதைத் தாண்டியவர்கள் பலர் இருக்கிறீர்கள். ஓய்வூதியத்துக்கான உயிர்ச்சான்று, எரிவாயு முன்பதிவு, மருத்துவமனைச் சீட்டு எல்லாமே கைபேசிக்குள் போய்விட்டன. செய்யத் தெரியாதபோது, எனக்கு வயதாகிவிட்டது, எனக்குத்தான் புரியவில்லை என்று உங்களையே நொந்துகொள்கிறீர்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். உங்களுக்குப் புரியாத திரை சரியாகச் செய்யப்படாத திரை. நாளை ஒரு மாணவனோ மாணவியோ நோட்டுப் புத்தகத்தோடு வந்து உங்கள் வீட்டு மணியை அடிக்கலாம். நீங்கள் மின்கட்டணம் கட்டுவதை அரை மணி நேரம் பக்கத்தில் இருந்து பார்க்கலாமா என்று கேட்கலாம். கதவைத் திறந்து உட்கார வையுங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ அங்கே தடுமாறிக் காட்டுங்கள். அந்தப் பிள்ளை மனம் நோகுமே என்று குறையை மறைக்காதீர்கள். எந்த இயந்திரத்திடமும் இல்லாத பாடம் உங்களிடம் இருக்கிறது. அதை எங்கள் மாணவர்களுக்குக் கொடுங்கள்.